அடிபட்டவருக்கு அரசு தரும் சேவை: கவுன்டர் கவுன்டராக ஒரு மதிப்பீடு

யாராவது வேண்டுமென்றே அடித்துக் காயப்படுத்திவிட்டால், அதற்கென்று அரசு ஒரு சேவை வைத்திருக்கிறது. கட்டணம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை இல்லை. ஆனால் கவுன்டர்கள் ஒரே கட்டடத்தில் இல்லை. அரசு மருத்துவமனை கேஷுவாலிட்டி, காவல் நிலையம், நடுவர் நீதிமன்றம், சிலருக்கு உயர் நீதிமன்றம் என்று நாலு படி ஏற வேண்டும். தமிழ்நாட்டில் இந்தச் சேவை எங்கே உருப்படியாக நடக்கிறது, எங்கே கழுத்தறுக்கிறது என்பதைப் பார்க்கலாம். 1.7.2024 முதல் நடந்த சம்பவங்களுக்கு இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ். வந்துவிட்டது. 323, 324 என்று நாக்கில் ஊறிப்போன எண்களெல்லாம் மாறிவிட்டன. அந்தத் தேதிக்கு முன் நடந்த அடிதடிக்குப் பழைய எண்களே ஓடும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். எவ்வளவு பெரிய வக்கீலை வைத்தாலும் பிற்பாடு சரிக்கட்ட முடியாதது முதல் கவுன்டர்தான். ஐந்து நிமிஷ வேலை. அங்கே கோட்டை விட்டவர்கள் மூன்று வருஷம் கழித்துக் குறுக்கு விசாரணையில் முழிக்கிறார்கள்.

கேஷுவாலிட்டி

அடிபட்டு வருபவரை டாக்டர் பார்த்ததும் விபத்துப் பதிவேட்டில் ஒரு பதிவு போடுவார். எல்லோர் வாயிலும் அது ஏ.ஆர். காயம் எப்படி வந்தது என்று கேட்டு, சொன்னதை அப்படியே எழுதுவார். 'இன்று இரவு 7.30 மணிக்கு வீட்டு வாசலில் தெரிந்த நபர்கள் இருவர் கட்டையாலும் கையாலும் தாக்கியதாகக் கூறுகிறார்.' இந்த ஒரே வரிதான் வழக்கின் அஸ்திவாரம். சம்பவத்தைப் பற்றி முதலில் எழுத்தில் ஏறுவது அநேகமாக இதுதான். அப்போது போலீஸும் இல்லை, வக்கீலும் இல்லை என்பதால் கோர்ட் இதற்குத் தனி மதிப்புக் கொடுக்கிறது.

இங்கே நடக்கிற தப்பு நாலே நாலு. முதலாவது, 'போலீஸ் கேஸ் ஆயிடும்' என்று பயந்து கூட வந்தவர் 'வண்டியில இருந்து விழுந்துட்டார் சார்' என்று சொல்லிவிடுவது. மறுநாள் மனசு மாறிப் புகார் கொடுத்தாலும் அந்த வரி அழியாது. இரண்டாவது, எண்ணிக்கை. ஏ.ஆரில் 'இருவர்', புகாரில் ஐவர். கோபத்தில் எதிரியின் அண்ணன், மச்சான், மாமனார் எல்லோரையும் சேர்த்துவிடுவார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முதல் கேள்வியாக அதைத்தான் எடுப்பார், அடித்த இருவரும் சேர்ந்து தப்பிப்பார்கள். டாக்டர் பெயரை எழுதாமல் 'தெரிந்த நபர்' என்று போடுவதில் குறையில்லை. அவர் வேலை வைத்தியம். எண்ணிக்கையும் ஆயுதமும் மட்டும் மாறக்கூடாது. மூன்றாவது, 'தெரியாத நபர்' என்று எழுதவிட்டுப் பிறகு பக்கத்து வீட்டுக்காரர் பெயரைச் சொல்வது. இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. நாலாவது, தலையில் ரத்தம் வழிவதைக் காட்டிவிட்டு விலாவில் விழுந்த உதையைச் சொல்ல மறப்பது. சட்டையைக் கழற்றி ஒவ்வொரு இடத்தையும் காட்ட வேண்டும். டாக்டர் நீளம், அகலத்தை சென்டிமீட்டரில் எழுதுவார்.

அன்றைக்கே போவது ஏன் முக்கியம் என்றால், ஊமைக்காயம் நிறம் மாறும். முதலில் சிவப்பு, பிறகு நீலம், நாலாம் நாள்போலப் பழுப்பு, அடுத்துப் பச்சை, ஒரு வாரத்துக்கு மேல் மஞ்சள், இரண்டு வாரத்தில் தோல் பழைய நிறத்துக்கு வந்துவிடும். 'நேற்று அடித்தார்கள்' என்று சொல்லும் இடத்தில் மஞ்சள் தெரிந்தால் டாக்டரின் குறிப்பே எதிராகத் திரும்பும்.

இன்னொரு நுட்பம். மண்டையில் கட்டையால் அடித்தாலும் தோல் எலும்போடு நசுங்கிக் கத்தியால் கீறியதுபோலப் பிளக்கும். அவசரத்தில் அதை 'வெட்டுக்காயம்' என்று எழுதிவிட்டால், புகாரில் கட்டை, சான்றில் வெட்டு என்று முட்டிக்கொள்ளும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஓரம் பிசிறாகவும் முடிவேர் நசுங்கியும் இருக்கும். 'கட்டை டாக்டர், கத்தி இல்லை' என்று தெளிவாகச் சொன்னால் அவரும் இரண்டாவது முறை பார்ப்பார்.

தனியார் மருத்துவமனையில் 'இது போலீஸ் கேஸ், ஜி.எச். போங்க' என்று வாசலிலேயே திருப்பினால் அது சட்டப்படி செல்லாது. எந்த டாக்டரும் முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டும், சட்ட நடைமுறை அதன் பிறகு என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பர்மானந்த் கடாரா வழக்கில் சொல்லிவிட்டது. ஆனாலும் நடைமுறையில், உயிருக்கு ஆபத்தில்லாத காயம் என்றால் நேரே அரசு மருத்துவமனைக்குப் போவதே மேல். அங்கிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் தானாகப் போகும். பெரிய மருத்துவமனைகளில் புறக்காவல் நிலையமே உண்டு. ஏ.ஆர். நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கவுன்டருக்குப் பத்துக்கு எட்டு தரலாம்.

சட்டத்தின் அளவுகோல்

இந்தச் சேவையின் 'மெனு கார்டு' பி.என்.எஸ். 114 முதல் 125 வரை. காயம் என்றால் ரத்தம் வர வேண்டும் என்பதில்லை. உடல் வலி, நோய், பலவீனம் எதை உண்டாக்கினாலும் 114-ன்படி அது காயம். கன்னத்தில் ஒரு அறை போதும். தண்டனை 115(2): ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். பழைய 323-ல் அபராதம் 1,000 ரூபாய்தான்.

அடுத்த படி கொடுங்காயம், 116. எட்டு வகை: ஆண்மை இழக்கச் செய்வது, ஒரு கண்ணின் பார்வை நிரந்தரமாகப் போவது, ஒரு காது கேளாமல் போவது, உறுப்போ மூட்டோ போவது, அதன் செயல் நிரந்தரமாகக் கெடுவது, தலை அல்லது முகம் நிரந்தரமாக விகாரமாவது, எலும்போ பல்லோ முறிவது அல்லது விலகுவது, கடைசியாக உயிருக்கு ஆபத்து உண்டாக்கும் காயம் அல்லது 15 நாள் கடும் வலியில் வைத்திருக்கும், அன்றாட வேலையைச் செய்யவிடாத காயம். பழைய சட்டத்தில் இது 20 நாள். ஐந்து நாள் குறைத்தது நல்ல திருத்தம். ஆனால் பலர் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு 15 நாள் ஆஸ்பத்திரியில் படுத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். படுக்கையில் இருந்த நாளை மட்டும் வைத்துக் கொடுங்காயம் ஆகிவிடாது. வலி கடுமையாக இருந்தது, வேலை செய்ய முடியவில்லை என்று டாக்டர் சொல்ல வேண்டும்.

நடைமுறையில் பத்துக்கு ஒன்பது வழக்கில் கொடுங்காயம் என்றால் எலும்பு முறிவுதான். மயிரிழை விரிசலும் முறிவே. எலும்பு இடம் விலகியிருக்க வேண்டியதில்லை என்று ஹோரி லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மூக்கெலும்பு ஒரு விரிசல் விட்டால் ஓராண்டு வழக்கு 117(2)-ன் கீழ் ஏழாண்டு வழக்காகிறது. அதனால் முகத்தில் குத்து விழுந்தால் எக்ஸ்ரே கேட்டு வாங்குங்கள். பல் போயிருந்தால் பல் டாக்டரின் கருத்து தனியாக வேண்டும். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல் என்பதுதான் எதிர்த்தரப்பின் வழக்கமான வாதம். விழுந்த பல்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பக்கவாட்டில் இன்னொரு ஏணி, ஆயுதம். சுடும், குத்தும், வெட்டும் கருவி, அடித்தால் சாவு நேரக்கூடிய பொருள், நெருப்பு, கொதிநீர், அரிக்கும் திரவம், விலங்கு இவற்றால் காயம் என்றால் 118(1): மூன்றாண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இவற்றால் கொடுங்காயம் என்றால் 118(2): ஓராண்டுக்குக் குறையாமல் பத்தாண்டு வரை, அல்லது ஆயுள். எது ஆயுதம் என்பதில்தான் சண்டை. கல்லா? அதன் பருமனையும் கூர்மையையும் பொறுத்தது. பல்லால் விரலைக் கடித்துத் துண்டாக்கினால்? மனிதப் பல் ஆயுதம் அல்ல என்று ஷகீல் அகமது வழக்கில் தீர்ப்பு. கொடுங்காயம் உண்டு, ஆயுதப் பிரிவு இல்லை. அதனால் வாசலில் கிடந்த கட்டையின் நீளமும் பருமனும் மகஜரில், அதாவது பொருளைக் கைப்பற்றும்போது போலீஸ் எழுதும் பதிவில், ஏற வேண்டும். 'ஒரு கட்டை' என்று மட்டும் எழுதினால் கோர்ட்டில் அது குச்சியாகிவிடும்.

ஆசிட் வீச்சுக்கு 124(1), பத்தாண்டுக்குக் குறையாது. அபராதம் பாதிக்கப்பட்டவருக்கே போகும். வீசிப் படாமல் போனாலும் 124(2)-ல் ஐந்து முதல் ஏழாண்டு. அடித்ததில் நிரந்தர ஊனமோ கோமா போன்ற நிலையோ வந்தால் புதிய 117(3), பத்தாண்டு முதல் ஆயுள் முழுதும். சாதி, மொழி, பாலினம் போன்ற காரணத்துக்காக ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொடுங்காயம் விளைவித்தால் 117(4). அடித்தவரே சீருடையில் இருந்து, ஒப்புதல் வாங்குவதற்காக அடித்தால் 120. காயத்துக்கு ஏழாண்டு வரை, கொடுங்காயத்துக்குப் பத்து வரை. எதிர்பாராத கடும் ஆத்திரமூட்டலில் அடித்தவருக்கு 122 பெரிய தள்ளுபடி தருகிறது: சாதாரணக் காயம் என்றால் ஒரு மாதம் அல்லது 5,000 ரூபாய்.

இந்த மெனுவில் ஒரு வடிவமைப்புக் கோளாறு இருக்கிறது. வெறும் கையால் தாடையை உடைத்தால், ஏழாண்டு வரை தண்டனை இருந்தும் 117(2) ஜாமீனில் விடக்கூடிய குற்றம்; நிலையத்திலேயே ஜாமீன். பிளேடால் லேசாகக் கீறினால் மூன்றாண்டு குற்றம், அது ஜாமீனில் விட முடியாத பட்டியலில். தாடை உடைந்தவர் வீட்டில் கஞ்சி குடிக்கும்போது அடித்தவர் தெருவில் டீ குடிப்பதைப் பார்க்க நேரும். நிலையத்தைத் திட்டிப் பயனில்லை, அட்டவணையே அப்படி.

காவல் நிலையம்

சேவை தடுமாறும் இடம். இங்கே கிடைக்கும் காகிதம் இரண்டு வகை. சி.எஸ்.ஆர். என்பது மனு வந்ததற்கான ரசீது, எஃப்.ஐ.ஆர். என்பது வழக்கு. 'சி.எஸ்.ஆர். போட்டாச்சு' என்றால் வழக்குப் போட்டாச்சு என்று நம்பி வீட்டுக்குப் போகிறவர்கள் ஏராளம். ரசீதில் 'மனு ரசீது' என்று இருந்தால் விசாரணை அதிகாரம் எதுவும் இன்னும் பிறக்கவில்லை.

115(2) மட்டும் என்றால் அது பிடிக்க முடியாத குற்றம். நடுவரின் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது, பி.என்.எஸ்.எஸ்., அதாவது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 174-ன்படி குறித்துக்கொண்டு நடுவரிடம் அனுப்ப வேண்டும். ஆனால் கூடவே ஒரு பிடிக்கத்தக்க குற்றம் இருந்தால் 174(4)-ன்படி முழு வழக்கும் பிடிக்கத்தக்கதாகிவிடும். தமிழ்நாட்டு எஃப்.ஐ.ஆர்.களில் ஒரே செட் மீண்டும் மீண்டும் வருவதற்கு இதுவே காரணம்: 296(b), 115(2), 118(1), 351(3). பழைய எண்களில் 294(b), 323, 324, 506(2). ஹோட்டலில் சாப்பாடு சொன்னால் அப்பளம் வருவதுபோலக் கொலை மிரட்டலும் ஆபாசத் திட்டும் கூடவே வரும்.

இந்த அப்பளம் கோர்ட்டில் நொறுங்கும். 'ஆபாச வார்த்தைகளால் திட்டினார்' என்று எழுதினால் போதாது. என்ன வார்த்தை, எந்தப் பொது இடம், கேட்டவருக்கு என்ன சங்கடம் என்று இருக்க வேண்டும். மிரட்டலுக்கும், கோபத்தில் வந்த வசவு போதாது. கேட்டவர் நிஜமாகவே பயந்திருக்க வேண்டும். இவை இரண்டும் விழுந்தால் மீதிப் புகாரும் ஊதிப் பெருக்கியது என்ற வாசனை அடிக்கும்.

புகார் எழுதும் விதத்தைப் பாருங்கள். 'மேற்படி நபர்கள் என்னை ஆபாசமாகத் திட்டி, கண்மூடித்தனமாகத் தாக்கி, கொலை மிரட்டல் விடுத்தனர்' என்பது மரத்தடி எழுத்தரின் அச்சு. இதில் யார் என்ன செய்தார் என்பதே இல்லை. இப்படி எழுதலாம்: 'பக்கத்து வீட்டுக்காரர் தன் கையிலிருந்த சவுக்குக் கட்டையால் என் இடது முன்கையில் ஒரு முறை அடித்தார். அவர் தம்பி என்னைக் கீழே தள்ளி வலது விலாவில் காலால் இரண்டு முறை உதைத்தார். எதிர் டீக்கடையில் நின்ற இருவர் வந்து விலக்கிவிட்டார்கள். 7.30 மணி இருக்கும். டீக்கடை டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தேன்.' யார், எதனால், எங்கே, எத்தனை முறை. வக்கீல்கள் இதை ஓவர்ட் ஆக்ட் என்பார்கள். இதில் ஒவ்வொரு அடிக்கும் ஏ.ஆரில் ஒரு காயம் ஒத்துப்போக வேண்டும். இரவுச் சம்பவத்தில் வெளிச்சத்தைச் சொல்லாத புகார், அடையாளம் காட்டும் இடத்தில் சறுக்கும்.

வார்டில் படுத்திருப்பவரிடம் சிறப்பு உதவி ஆய்வாளர் (எஸ்.எஸ்.ஐ.) வந்து வாக்குமூலம் வாங்கினால் அதுவே புகாராகும். கையெழுத்துப் போடுமுன் 'ஐயா, ஒருதடவை படிச்சுக் காட்டுங்க' என்று கேளுங்கள். அதற்கு உரிமை உண்டு. எஃப்.ஐ.ஆர். நகலும் பி.என்.எஸ்.எஸ். 173-ன்படி இலவசம். பெரும்பாலானவை தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலும் கிடைக்கும். இணைய வழியில் புகார் அனுப்பியிருந்தால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். சம்பவம் நடந்த எல்லை எங்கள் சரகம் இல்லை என்று திருப்ப முடியாது. எந்த நிலையத்திலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடலாம்.

பிடிக்கத்தக்க குற்றம் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்பது 2013 லலிதா குமாரி தீர்ப்பு. புதிய 173(3) அதில் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது: மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனைக் குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை. 118(1) தனியாக இருந்தால் இதில் மாட்டும். 117(2) ஏழாண்டு என்பதால் மாட்டாது. 'விசாரிச்சுட்டுக் கூப்பிடுறோம்' என்றால் இந்தப் பிரிவின் கீழா, எந்தத் தேதியில் அனுமதி வாங்கினீர்கள் என்று கேட்கலாம்.

மறுத்தால் வழி: ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கு, அதற்கும் பலனில்லை என்றால் பிரமாணப் பத்திரத்தோடு நடுவரிடம் 175(3) மனு. வெறும் 115(2) என்றால் நடுவரிடம் தனிப் புகார். காலக்கெடுவை மறக்காதீர்கள்: 115(2)-க்கு ஓராண்டு, 118(1)-க்கு மூன்றாண்டு. சமாதானப் பேச்சிலேயே ஓராண்டை ஓட்டிவிட்டு வந்து நிற்பவர்களுக்கு இங்கே கதவு சாத்தியிருக்கும்.

இன்னொரு பழக்கம், எதிர் வழக்கு. நீங்கள் புகார் கொடுத்த இரண்டு மணி நேரத்தில் அடித்தவரும் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு அட்மிட் ஆவார். பேரம் பேச இதைவிட நல்ல துருப்பு இல்லை. தமிழ்நாடு காவல் நிலையாணை 566-ன்படி இரண்டையும் ஒரே அதிகாரி விசாரித்து, முதலில் கைநீட்டியவர் யார் என்று பார்த்து அவர் மீது குற்றப்பத்திரிகை போட வேண்டும். இரண்டு பக்கமும் குற்றப்பத்திரிகை போட்டுக் கைகழுவுவது வேலையை முடிக்கும் வழி, விசாரிக்கும் வழி அல்ல. எதிரிக்கும் காயம் பட்டிருந்தால் அதைப் புகாரிலேயே சொல்லிவிடுவது புத்திசாலித்தனம். மறைத்த காயம் கோர்ட்டில் விளக்கம் கேட்கும்.

'இன்னும் ஏன் பிடிக்கலை?' என்ற கேள்விக்கும் பதில் சட்டத்திலேயே இருக்கிறது. ஏழாண்டு வரையிலான குற்றங்களில் கைது கட்டாயமில்லை. பி.என்.எஸ்.எஸ். 35(3) நோட்டீஸ் கொடுத்து வரச் சொல்லலாம். அதே நேரம் 90 நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று புகார்தாரருக்குச் சொல்ல வேண்டும் என்பதும் 193(3)-ல் இருக்கிறது. கேட்டு வாங்குங்கள். இந்தக் கவுன்டருக்கு நாலு.

நடுவர் நீதிமன்றம்

டெலிவரி தாமதம் என்பது ஊரறிந்த விஷயம், அதை விடுவோம். வழக்கு எதனால் தோற்கிறது என்பதே பயனுள்ளது. எக்ஸ்ரே படம் ஆவணமாகக் குறியிடப்படாமல், காயச் சான்றில் 'எலும்பு முறிவு' என்ற சொல் மட்டும் இருந்தால் கொடுங்காயம் சாதாரணக் காயமாக இறங்கும். சான்று கொடுத்த டாக்டர் மாற்றலாகிப் போய், அவர் கையெழுத்தை அடையாளம் காட்ட வேறொருவர் வந்தால் பாதி பலம் போகும். கைப்பற்றிய கட்டையை டாக்டரிடம் காட்டி 'இதனால் இந்தக் காயம் வருமா' என்று கேட்காமலே விசாரணையை முடித்துவிடுவதும் உண்டு. ரத்தக்கறை படிந்த சட்டையை அம்மா துவைத்துப் போட்டிருப்பார். டீக்கடைக்காரர் 'நான் எதையும் பாக்கலைங்க' என்று பிறழ்வார். அப்போதும் அடிபட்டவரின் சாட்சியம் ஏ.ஆரோடு பொருந்தினால் தண்டனை வரும். காயம்பட்ட சாட்சிக்குக் கோர்ட் தனி எடை தருகிறது.

திருப்பிக் கொடுக்கும் வசதியும் உண்டு. 115(2), 117(2) இரண்டும் பி.என்.எஸ்.எஸ். 359-ன்படி காயம்பட்டவர் சமாதானமாகி முடிக்கக்கூடியவை. மக்கள் நீதிமன்றம் எனப்படும் லோக் அதாலத்திலும் முடியும். 118(1) அப்படி முடியாது. நடுவர் முன் கைகுலுக்கினாலும் வழக்கு நிற்கும். உயர் நீதிமன்றத்தில், தென் மாவட்டக்காரர்கள் மதுரைக் கிளையில், பி.என்.எஸ்.எஸ். 528 மனுப் போட்டு ரத்து வாங்க வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தில் பணம் கைமாறுமுன் எஃப்.ஐ.ஆரில் எந்தப் பிரிவு என்று பார்த்துக்கொள்ளாததால் இரு தரப்பும் சேர்ந்து செலவழிக்கிற மனு இது.

கடைசியாக, யாரும் கேட்காத ஒன்று. அபராதம் அரசுக் கணக்குக்குப் போகும், அடிபட்டவருக்குத் தானாக வராது. பி.என்.எஸ்.எஸ். 395-ன்படி நீதிமன்றம் அதிலிருந்து இழப்பீடு தரச் சொல்லலாம். அபராதமே விதிக்காத தண்டனையிலும் தனியாக இழப்பீடு உத்தரவிடலாம். தண்டனை சொல்லுமுன் அரசு வக்கீல் அதைக் கேட்க வேண்டும், அவர் கேட்க நீங்கள் காகிதம் கொடுத்திருக்க வேண்டும். மருந்து பில், ஸ்கேன் ரசீது, ஆட்டோ செலவு, வேலைக்குப் போகாத நாட்களுக்கு முதலாளி எழுதிக் கொடுத்த கடிதம். 396-ன் கீழான இழப்பீட்டுத் திட்டத்துக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்; அழைக்க 15100. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. தெர்மல் பேப்பர் பில்லில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும், வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.